காபரேற்றரை மாற்றச் சொன்னால், முதலில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். வண்டி பல்சர் 150, காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய மாடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, இதை விற்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். போன மாதம் இரண்டு கிழமைக்குள் அந்த வண்டிக்காக 31,300 ரூபாயைப் பறிகொடுத்தேன். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும். காலிமுகத்திடலை நெருங்கும்போது இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடும். பஸ்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போய் நிற்பேன். பத்து நிமிடம் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும். டாங்க் நிறையப் பெற்றோல் அடித்த அன்று பம்பலப்பிட்டியிலேயே நின்றுவிட்டது. கூடாத பெற்றோலாக்கும் என்று நினைத்தேன்.

தெமட்டகொடைப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. “காபரேற்றர் முடிஞ்சுது தம்பி, இனிப் புதுசுதான்” என்றார். ஒரிஜினல் காபரேற்றர், கூலி, டாங்க் கழுவியது எல்லாம் சேர்த்து 26,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். பழைய காபரேற்றரைக் கேட்டேன், “அது குப்பைக்குப் போயிட்டுது” என்றார். அந்த இடத்திலேயே நான் விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அதே காலிமுகத்திடலில் அதேபோல் நின்றது. திரும்பப் போனேன். இந்த முறை, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் பிழை என்று 4,800 வாங்கினார். அடுத்த நாளும் நின்றது.

அப்புறம் ஒரு நண்பர் கொட்டாஞ்சேனையில் வயதான ஒரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கூட்டிப்போனார். அவர் எந்தச் சாமானையும் கழற்றவில்லை. “ஓடி நிற்க வையுங்கோ, நின்ற உடனே மூடியைத் திறவுங்கோ” என்று மட்டும் சொன்னார். ஓடினேன், நின்றது, திறந்தேன். ‘ஸ்ஸ்’ என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடியே ஸ்டார்ட் ஆனது.

மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கிறது. பெற்றோல் கீழே இறங்க இறங்க அதன்வழி காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைபட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்குவது மெல்ல மெல்ல நின்றுவிடும். வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் எங்கோ ஓர் இடுக்கால் காற்றுக் கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். நான் சொன்ன அடையாளங்கள் அத்தனைக்கும் காரணம் இதுதான். வண்டி கழுவிய இடத்தில் பூசிய மெழுகும் தூசியும் சேர்ந்து துளையை அடைத்திருந்தன. பாஸ் மெல்லிய கம்பியால் குத்தி ஊதிவிட்டார். ஐந்து நிமிட வேலை, காசும் வாங்கவில்லை.

அவர் காட்டிய இன்னொன்றுதான் என்னைப் பதற வைத்தது. ‘புது’ காபரேற்றரின் ஸ்க்ரூத் தலைகள் எல்லாம் தேய்ந்து கிடந்தன. ஏதோ ஒரு பழையதைக் கழுவிப் பூட்டியிருக்கிறார்கள். பெற்றோல் குழாய்க்குக் கிளிப்பும் போடவில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிந்து சூடான எஞ்சின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் என் மகள் அந்த டாங்கின்மேல் உட்கார்ந்துதான் வருவாள். ஒரு பொறி போதும். காசு போனதை மறந்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் வண்டி இப்படி நின்றால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். அதனால் சரிவராவிட்டால், எஞ்சின் ஆறிய பிறகு, காபரேற்றரின் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூவைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. பெற்றோல் விடாமல் ஓடினால் டாங்க், டெப் (டாங்கின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் திருகி), குழாய் எல்லாம் சரி. முதலில் ஓடிப் பிறகு சொட்டினால் பிழை கிண்ணத்துக்கு மேலே, பெற்றோல் வரும் வழியில் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கலந்திருந்தால் அது போத்தலின் அடியில் தனியாகத் தங்கும், கண்ணாலேயே தெரியும். காபரேற்றர் இல்லாமல் பம்ப் மூலம் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் இந்தச் சோதனை பொருந்தாது. சாவியைப் போட்டதும் பம்ப் சில விநாடி இரைகிறதா என்று கேளுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம். ஆனால் கையில் ஒழுங்கான பில் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது அந்தத் துண்டுக் கடதாசிதான், அதில் கடையின் பெயர்கூட இல்லை. கராஜின் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம்.

முன்பு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடிய வண்டி, அந்தக் காபரேற்றரைப் பூட்டியபின் இப்போது 34தான் ஓடுகிறது. வருகிற சனி, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் நல்லதொன்றைத் தேடப் போகிறேன். பல்சர் 150இன் ஒரிஜினல் காபரேற்றர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்தே வாங்குகிறேன்.