கடையில் பார்த்த படம் வேறு, வீட்டுக்கு வந்த படம் வேறு: 55 இன்ச் டிவி வாங்கிய அனுபவம்

எங்கள் வீட்டு 32 இன்ச் டிவிக்குப் பத்து வயசு ஆகிவிட்டது. 2025 ஆடித் தள்ளுபடியிலேயே மாற்றிவிடலாம் என்று கிளம்பியவன்தான், அதற்குள் ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று பேச்சு வந்ததும் அப்பா "கொஞ்சம் பொறுப்பா" என்று உட்கார வைத்துவிட்டார். அவர் சொன்னபடியே செப்டம்பர் 22லிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீத வரி 18 ஆனது. ஆனால் கடையில் "பத்து பர்சென்ட் குறைஞ்சிருச்சு சார்" என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 100 ரூபாய்ப் பொருள் 128க்கு விற்றது இப்போது 118, அதாவது நாம் கொடுக்கும் விலையில் எட்டு சதவீதம்கூட முழுசாகக் குறையவில்லை. நான் கடைக்காரரிடம் போன் கால்குலேட்டரில் போட்டே காட்டினேன், சிரித்துக்கொண்டே வால் பிராக்கெட்டை இலவசமாகத் தருகிறேன் என்றார்.

சைஸ்தான் வீட்டில் பெரிய சண்டை. தங்கச்சி 65 கேட்டாள், அம்மாவுக்கு 43 போதும். பழைய பேப்பர்களை ஒட்டிச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். 55 இன்ச் என்றால் ஏறக்குறைய நாலு அடி அகலம், இரண்டேகால் அடி உயரம், பழைய 32ஐப் போல மூன்று மடங்கு பரப்பு. சோபாவிலிருந்து சுவருக்கு ஏழரை அடி. ரெண்டு நாள் அந்தப் பேப்பர் சுவரிலேயே இருந்தது, மூன்றாம் நாள் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. 55 முடிவானது.

அப்புறம் ஷோரூம். மதுரையில் மூன்று கடை ஏறினேன். எல்லாக் கடையிலும் ஒரே வீடியோதான்: கிளி, பழம், பனிமலை, கருப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் எதையோ ஊற்றுவது. அந்த வீடியோவில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும், போதாததற்கு 'விவிட்' மோடில் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். நான் ரிமோட்டை வாங்கி சினிமா மோடுக்கு மாற்றி, யூடியூபில் ராத்திரிக் காட்சி உள்ள ஒரு தமிழ்ப் படத்தைப் போடச் சொன்னேன். அதுவரை பக்கத்து டிவிக்குச் சமமாக இருந்த ஒன்றில் இருட்டு சாம்பல் பூசினமாதிரி ஆகிவிட்டது. அது ஐபிஎஸ் என்ற வகைப் பேனல் (திரை), ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. இன்னொன்று விஏ பேனல், அதில் கருப்பு நல்ல கருப்பு, ஆனால் நான் ஓரமாக நகர்ந்ததும் நிறம் வெளுத்தது. சரி, எங்கள் வீட்டில் டிவிக்கு நேராக உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள்? அம்மா அடுக்களை வாசலில் காய் நறுக்கிக்கொண்டு பார்ப்பார், தங்கச்சி ஊஞ்சலில். சாம்பல் கருப்பு பரவாயில்லை என்று ஐபிஎஸ்ஸே எடுத்தேன். தனியாக இருட்டில் படம் பார்க்கிற ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விஏ எடுங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓலெட் டிவி பக்கம் போகவில்லை. விலை ஒரு காரணம், அப்பா இன்னொரு காரணம். காலையில் ஆறு மணிக்குச் செய்திச் சேனல் போட்டால் ராத்திரி வரைக்கும் மாற்ற மாட்டார். ஒரே இடத்தில் லோகோவும், கீழே அதே பட்டையும் மாதக்கணக்கில் நின்றால் ஓலெட் திரையில் அதன் தடம் நிரந்தரமாகப் படிந்துவிட வாய்ப்பு உண்டு. கியூஎல்இடி என்பதும் ஓலெட்டும் ஒன்று என்று ஒரு விற்பனைப் பையன் அடித்துச் சொன்னான். இல்லவே இல்லை. கியூஎல்இடி சாதாரண எல்சிடிதான், நிறத்துக்காக ஒரு அடுக்கு கூடுதல், பின்னாலிருந்து விளக்கு அடித்தே ஆக வேண்டும். அதேபோல 'மோஷன் 120' என்று பெட்டியில் எழுதியிருந்தால் பேனலே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்று நினைத்துவிடாதீர்கள், பல நேரம் உள்ளே இருப்பது 60தான்.

46,000 ரூபாய் ஆனது. கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை, அந்த விலையில் நாலு கம்பெனியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டெலிவரி மறுநாளே வந்தது. மாட்ட வந்தவர் மட்டும் "பிராக்கெட்தான் ஃப்ரீ, மாட்டுறது ஃப்ரீ இல்ல" என்று 700 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பில்லில் இல்லாத காசு. முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ராத்திரி கேபிளை மாட்டி ஆன் செய்தால், சீரியல் நடிகை முகத்தைத் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. டிவி கோளாறு என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கோளாறு டிவியில் இல்லை. எங்கள் பழைய செட்டாப் பாக்ஸ் தருவது 720க்கு 576 புள்ளி, புது டிவியின் 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளியை நிரப்பச் சொன்னால் அது என்ன செய்யும்? கேபிள்காரரிடம் ஹெச்டி பாக்ஸ் வாங்கி, சிவப்பு மஞ்சள் வெள்ளை ஒயரைக் கழற்றிப் போட்டு எச்டிஎம்ஐயில் மாட்டிய பிறகுதான் முகம் முகமாகத் தெரிந்தது. இந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடிடியில் ஒரு படம். அம்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது படமா சீரியலா?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி நடுவில் தானாகக் கற்பனை ஃப்ரேம்களைச் செருகி எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்குகிறது. செட்டிங்ஸில் மோஷன் சம்பந்தப்பட்டதை ஆஃப் செய்ததும் படம் படமாகிவிட்டது. கிரிக்கெட்டுக்கு மட்டும் திரும்ப ஆன் செய்கிறோம், பந்து கொஞ்சம் தெளிவாக ஓடுகிறது.

சத்தம் மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கிறது, மிக்ஸி ஓடினால் வசனம் போச்சு. சவுண்ட்பார் அடுத்த போனஸுக்கு.

பழைய 32 இன்ச்சுக்கு எக்ஸ்சேஞ்சில் 1,500 தருகிறேன் என்றார்கள், கொடுக்கவில்லை. அப்பா அதைத் தன் அறையில் வைத்து, கழற்றிப் போட்ட பழைய பாக்ஸையே மாட்டிக் காலையிலிருந்து செய்தி பார்க்கிறார். அந்தச் சின்னத் திரையில் படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. யாருக்காக ஓலெட் வேண்டாம் என்றேனோ, அவர் ஹால் டிவி பக்கம் வருவதே இல்லை.