குட்டைக்குழல் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? பிளாக்அவுட்டா, கிரெண்டலா?

மான் வேட்டைக்கென்று குட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றை வீட்டிலேயே பொருத்தி எடுப்பது என்று தீர்மானித்த பிறகு, எந்தத் தோட்டாவுக்கு என்ற கேள்விதான் பாக்கி இருந்தது. போட்டியில் நின்றவை இரண்டு: .300 பிளாக்அவுட், 6.5 கிரெண்டல். நான் பத்து அங்குலக் குழலில் பிளாக்அவுட்டை எடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும்.

சட்டச் சங்கதி இரண்டுக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள் 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருகிறது. படிவம், கைரேகை, புகைப்படம் எல்லாம் கொடுத்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே குட்டைக் குழலைப் பொருத்த வேண்டும். செய்தவர் பெயரையும் ஊரையும் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். 1934 முதல் மாறாமல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை. பதிவு மட்டும் அப்படியே நீடிக்கிறது. வேறு மாநிலத்துக்கு வேட்டைக்கு எடுத்துப்போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க் பக்கம் இந்த ஆசையே கூடாது.

இவ்வளவு தொல்லை எதற்கு? டெக்சாஸ் ஹில் கண்ட்ரியில் பெட்டிப் பரணுக்குள் உட்கார்ந்து பார்த்தால் புரியும். அங்கே சைலன்சரோடு மான் வேட்டையாடச் சட்டத்தில் தடையில்லை. 16 அங்குலக் குழலின் முனையில் சைலன்சரையும் திருகினால் முன்பக்க நீளம் மட்டுமே இரண்டடியைத் தொடுகிறது. இடது ஜன்னலிலிருந்து வலது ஜன்னலுக்குத் திருப்பும்போது முனை பலகையில் ‘டொக்’ என்று இடிக்கும். மக்காச்சோளத்தை மேய்ந்துகொண்டிருக்கும் வெள்ளைவால் பெட்டை மானுக்கு அந்த ஒரு ஓசை போதும்; வாலைத் தூக்கிக்கொண்டு சீடார் புதருக்குள் மறைந்துவிடும்.

ஆனால் குழலை வெட்டினால் வேகமும் வெட்டுப்படும். என் தேர்வைத் தீர்மானித்த விஷயம் இதுதான். தோட்டாவின் வெடிமருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு குழலை விட்டு வெளியேறினால், மிச்ச மருந்து காற்றில் எரியும். நெருப்பும் சத்தமும் கூடும், குண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. பிளாக்அவுட் குட்டைக் குழலை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. அதில் போடுவது சீக்கிரம் எரியும் வகை மருந்து. ஒன்பது, பத்து அங்குலத்துக்குள் பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும். 110 கிரெய்ன் (சுமார் 7 கிராம்) எடையுள்ள குண்டு 16 அங்குலக் குழலில் வினாடிக்குச் சுமார் 2,350 அடி வேகத்தில் போகும் என்றால், என் பத்து அங்குலக் குழலில் 2,100 அடியை ஒட்டிப் போகிறது.

வேகம் எதற்கு முக்கியம் என்றால், குண்டு மானுக்குள் விரிய வேண்டும். விரியாத குண்டு ஊசித் துளை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மான் நெடுந்தூரம் ஓடி, சப்பாத்திக்கள்ளிக்குள் எங்கோ விழுந்து சாகும். .308 என்ற, இதே விட்டக் குண்டு போடும் வலுவான தோட்டாவுக்காகச் செய்த குண்டுகள் அதிக வேகத்தை எதிர்பார்ப்பவை. பிளாக்அவுட்டின் வேகத்தில் அவற்றை நம்ப முடியாது. அதனால் கடையில் ‘முப்பது கேலிபர்தானே, விட்டம் ஒன்றுதானே’ என்று கிடைத்ததை வாங்கக் கூடாது. பார்ன்ஸ் நிறுவனத்தின் 110 கிரெய்ன் கறுப்புமுனைச் செம்புக் குண்டு பிளாக்அவுட்டுக்கென்றே வந்தது. 1,500 அடிக்குக் கீழே வேகம் இறங்கினாலும் விரியும். நூறு கஜத்தில் அதன் வேகம் 1,800 அடியை ஒட்டி இருக்கும். தோள்பட்டைக்குப் பின்னால் நுழைந்தால் நுரையீரல் இரண்டும் போய்விடுகின்றன. வெளியேறும் துளை பெரிதாக இருப்பதால் ரத்தத் தடத்தைத் தொடர்வது சுலபம். கறியில் ஈயத் துணுக்கும் கிடையாது.

கிரெண்டல் மோசம் என்று சொல்லவில்லை. 2003இல் பில் அலெக்சாண்டர் கொண்டுவந்த தோட்டா அது. மெலிந்து நீண்ட 6.5 மில்லிமீட்டர் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பன்னிரண்டு அங்குலக் குழலிலும் 123 கிரெய்ன் குண்டு 2,200 அடிக்கு மேல் போகிறது. இருநூறு கஜத்துக்கு அப்பால் பிளாக்அவுட் மூச்சு வாங்கும் இடத்தில் கிரெண்டல் நிதானமாக வேலை செய்யும். திறந்த வயல் ஓரம் உட்காருகிறவர் அதையே எடுக்கலாம். ஆனால் நெல் அறுக்கும் அரிவாளை வைத்துக்கொண்டு விறகு பிளக்க முடியாது. கிரெண்டலின் பலமெல்லாம் தூரத்தில்; அந்தத் தூரத்துக்கு நீளக் குழல்தான் நியாயம். குழலைக் குறுக்கிவிட்டு தூரத்தையும் கேட்டால் எப்படி? இதை நண்பர் ஒருவரின் கிரெண்டலை இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். அதைக் கொண்டு மான் வீழ்த்திய அனுபவம் எனக்கு இல்லை.

பராமரிப்பிலும் பிளாக்அவுட் பக்கமே லாபம். ஏற்கெனவே 5.56 மில்லிமீட்டர் தோட்டா போடும் ஏஆர்-15 வகை ரைஃபிள் வைத்திருப்பவருக்குப் போல்ட்டும் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) மேகசினும் (தோட்டாப் பெட்டி) அப்படியே ஒத்துப்போகும்; குழல் மட்டும் வேறு. கிரெண்டலுக்குப் போல்ட்டும் வேறு, மேகசினும் வேறு.

அந்த ஒற்றுமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. சில பிளாக்அவுட் தோட்டாக்கள் 5.56 துப்பாக்கியின் அறைக்குள்ளும் போய் அடைந்துகொள்ளும். விசையை இழுத்தால் 7.62 மில்லிமீட்டர் குண்டுக்கு 5.56 குழலில் வழியில்லை; துப்பாக்கியே வெடிக்கும். என் பிளாக்அவுட் மேகசின்களில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன். இரண்டு ரைஃபிளையும் ஒரே நாளில் வெளியே எடுப்பதில்லை.

பிளாக்அவுட்டின் பெரிய விளம்பரம் ஒலிவேகத்துக்குக் குறைந்த கனமான தோட்டா. சைலன்சரோடு சுட்டால் இருமல் சத்தம் அளவுக்குத்தான் கேட்கும் என்று ஆசைகாட்டுவார்கள். 220 கிரெய்ன் குண்டு வினாடிக்கு ஆயிரம் அடியில் போனால் அதன் ஆற்றல் சுமார் 500 அடி-பவுண்டுதான். கைத்துப்பாக்கியின் கணக்கு அது. குறைந்த வேகத்திலும் விரியும் குண்டுகள் சந்தையில் இருக்கின்றன. ஐம்பது கஜத்துக்குள் மானை வீழ்த்தியவர்களும் இருக்கிறார்கள். நான் மான்மீது அதைப் பயன்படுத்தியதில்லை, இப்போதைக்கு உத்தேசமும் இல்லை. தகர டப்பாவைச் சுட மட்டும் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.