சங்கேதச் சொல் பெறாமலேயே அலாரத்தை ரத்து செய்த கண்காணிப்பு மையம்: ஓர் எச்சரிக்கை

மாதக் கட்டணம் கட்டி வீட்டு அலாரத்தைக் கண்காணிப்பு மையத்துடன் இணைத்திருப்பவர்கள், அந்த மையத்தின் ஊழியர் சங்கேதச் சொல்லை உண்மையிலேயே கேட்டு வாங்குகிறாரா என்று உடனே சோதித்துப் பாருங்கள். திருவிடைமருதூர் அருகே எங்கள் பூர்வீக வீட்டில் கடந்த ஐப்பசியில் நடந்த திருட்டு, அந்த ஒரு கேள்வியை வற்புறுத்தாததால்தான் தடையின்றி முடிந்தது.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகள் டெல்டாவில் ஏராளம். இந்தச் சேவையை இங்கே விற்பது எளிது. எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: கதவில் உள்ள காந்த சென்சார் விலகியதும் சிம் கார்டு வழியாக மையத்துக்குத் தகவல் போகும், ஊழியர் வீட்டில் பொருத்திய அலாரப் பெட்டியின் (பேனல்) ஒலிபெருக்கி வழியே வீட்டில் இருப்பவரிடம் பேசிச் சங்கேதச் சொல்லைக் கேட்பார், சொல் சரியாக இருந்தால் மட்டுமே அலாரம் ரத்தாகும், இல்லையென்றால் பட்டியலில் உள்ள உறவினர்களையும் காவல் நிலையத்தையும் அழைப்பார்கள். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்தது.

தங்கையின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் சென்னை வந்திருந்தபோது, ஒரு மழை இரவில் கொல்லைக் கதவு உடைக்கப்பட்டது. சைரன் சில நிமிடங்கள் ஒலித்து ஓய்ந்தது. கொட்டிய மழையில் தெருவில் யார் காதிலும் விழவில்லை. பட்டியலில் முதலில் இருந்த என் எண்ணுக்கு அழைப்பே வரவில்லை. காலையில் பக்கத்து வீட்டுச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது. வெள்ளிச் சாமான்களும், பாட்டி சீர் கொண்டு வந்த வெண்கலப் பானைகளும், குத்துவிளக்குகளும் போயிருந்தன.

‘வீட்டில் இருந்தவர் தவறுதலான அலாரம் என்று உறுதி செய்தார்’ என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. காவல் நிலையத்திலிருந்து கேட்ட பிறகுதான் ஒலிப்பதிவு வந்தது. அதில் ஊழியர் சங்கேதச் சொல்லைக் கேட்கிறார். ‘அது அப்பாவுக்குத்தான் தெரியும், காற்றில் கதவு ஆடிவிட்டது’ என்கிறான் திருடன். ‘பரவாயில்லை சார், அடுத்த முறை சொல்லுங்கள்’ என்று அலாரத்தை ரத்து செய்கிறார். அதைக் கேட்டபோது அம்மாவின் கை நடுங்கியது.

ஆகவே, பணம் கட்டும் முன்பே டெக்னீஷியன் முன்னிலையில் அலாரத்தை ஒலிக்க வைத்து, வேண்டுமென்றே தவறான சொல்லைக் கூறுங்கள். ஊழியர் ஏற்றுக்கொண்டாலோ, ‘முதல் எழுத்து இதுவா’ என்று எடுத்துக்கொடுத்தாலோ, அடுத்த எண்ணை அழைக்காவிட்டாலோ கையெழுத்துப் போடாதீர்கள். குலதெய்வத்தின் பெயரைச் சங்கேதச் சொல்லாக வைக்க வேண்டாம். நம் ஊர்களில் அது வாசல் கேட்டிலேயே எழுதியிருக்கும். அம்மா சிறுவயதில் வளர்த்த பசுவின் பெயர் போல வெளியாருக்குத் தெரியாததும் பெரியவர்களுக்கு மறக்காததுமான சொல்லே நல்லது. அலாரத்தை அணைக்கக் கீபேடில் அழுத்தும் எண் வேறு, வாயால் சொல்லும் சங்கேதச் சொல் வேறு. அந்த எண்ணைத் தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. கத்தி முனையில் நிற்பவர் சொல்வதற்கென்று தனியாக ஓர் ஆபத்துச் சொல்லும் உண்டா என்று கேளுங்கள்: அதைக் கேட்டதும் ஊழியர் ‘சரி’ என்று வைத்துவிட்டு, காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும். தனியே இருக்கும் பெரியவர்களுக்கு இது மிக அவசியம், ஆனால் எங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இழப்பீடு கேட்டபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டி, மாதக் கட்டணத்துக்கு மேல் தர இயலாது என்றார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஒலிப்பதிவின் நகலையும் ஒப்பந்தத்தையும் இணைத்துத் தஞ்சாவூரில் புகார் அளித்திருக்கிறோம். விசாரணை இன்னும் முடியவில்லை.