ஹட்டனில் கதை டைப் பண்ண ஒரு கடை

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் வழியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்தக் கொமினிகேஷன். போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட்டிங் என்று எழுதிய பலகைதான் கீழே தெரியும். தமிழில் டைப் செய்து தருவார்கள் என்பது பலகையில் இல்லை. நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறேன். சில வருஷமாக என் கதைகள் எல்லாம் இந்த மாடியில்தான் அச்செழுத்தாகின்றன. கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் எழுதுவது சி.ஆர். கொப்பியில், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு. கதை முதல் பக்கத்திலிருந்து போகும். கதைக்கு வேண்டிய கணக்குகள் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வரும். இரண்டும் நடுவில் சந்தித்தால் புதுக் கொப்பி. போனிலேயே டைப் பண்ணலாமே என்பார்கள். பேனை பிடித்தால்தான் எனக்கு வாக்கியம் ஓடும்.

முன்பு வேறொரு கடையில் கொடுத்தேன். ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர் என்று எழுதிக் கொடுத்தால், அந்த 8 கீழே இறங்கி 3 × 108 ஆகி வரும். நிலவே ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் ஒளி அங்கே போய்ச் சேர இரண்டு வாரம் பிடிக்கும். அதோடு அங்கே எல்லாமே பாமினி எழுத்துருவில்தான். அதை நிறுவாத கொம்பியூட்டரில் திறந்தால் கதை முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சஞ்சிகை ஆசிரியர் ஒருவர் அப்படியே திருப்பி அனுப்பினார்.

இந்த மாடியில் டைப் செய்கிற பிள்ளை முதல் நாளே, "டீச்சர், யுனிகோட்டா பாமினியா?" என்று கேட்டது. யுனிகோட்டில் அடித்தால் எந்தப் போனிலும் தமிழாகவே திறக்கும். இன்னும் பாமினி கேட்கிற அச்சகங்கள் இருப்பதால் அதையும் மாற்றித் தருகிறார்கள், தனிக் காசு இல்லை. அடுக்குக்குறிகள் ஒன்றுகூட இதுவரை கீழே இறங்கவில்லை.

போன வருஷம் எழுதிய கதை கொஞ்சம் சிக்கலானது. அம்மா செவ்வாயில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். மகள் டிக்கோயாவில் லயத்துக் காம்பராவில் இருக்கிறாள். ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ, கோள்கள் கிட்ட இருக்கும்போது 3 நிமிஷம், எட்ட இருக்கும்போது 22 நிமிஷம் வரை ஆகும். செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிஷம் 35 செக்கன். ஆகவே இரண்டு பேரின் காலையும் ஒன்றாகத் தொடங்கினாலும், 18 நாள் போனால் மகளுக்கு விடியும்போது அம்மாவுக்குப் பொழுது சாய்ந்திருக்கும். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருக்கிறார்கள். அம்மா வேலை முடித்துக் கோல் எடுக்கும்போது இங்கே நடுச்சாமம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் அந்த நேரங்களை எல்லாம் கணக்குப் போட்டேன்.

இடப்பக்கம் மகளின் நேரம், வலப்பக்கம் அம்மாவின் நேரம், நடுவில் பேச்சு. இதை ஒரு வரிகூட நகராமல் அட்டவணை கட்டிக் கொடுத்தது அந்தப் பிள்ளை. காத்திருக்கும் இடைவெளி நீளமானால் கட்டத்தையும் நீளமாக விட்டிருந்தது. அது நான் கேட்காதது.

பிரதியை வாங்கப் போன அன்று, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டது. "டீச்சர், இதுல கொழுந்து நிறுக்கிறது எந்தத் தராசுன்னு நீங்க எழுதல. அங்க ஈர்ப்பு கம்மின்னு முன்பக்கத்துல இருக்கு. எங்க தோட்டத்துத் தராசைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டா அந்தம்மாவுக்கு முழுப்பேரு விழாதே?"

முழுப்பேர் என்றால் குறித்த கிலோவைப் பறித்தால் விழும் முழுநாள் சம்பளம். அந்தப் பிள்ளையின் அம்மா கொழுந்து பறிக்கிறவர். தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளை. கணக்கும் சரிதான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 சதவீதம். இங்கே 18 கிலோ காட்டும் கொழுந்து அங்கே வில் தராசில் 7 கிலோவுக்கும் குறைவாகவே காட்டும். டிஜிட்டல் தராசானாலும் அப்படித்தான். இரண்டு தட்டுத் தராசில் படிக்கல் வைத்து நிறுத்தால் மட்டும் 18 வரும். அப்படியானால் அங்கே தராசைத் திருத்தி அமைப்பது யார், கம்பெனியா? அதைச் சரிபார்க்கிற உரிமை யாருக்கு? வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து, கதையின் பின்பாதியை முழுக்க அந்தத் தராசைச் சுற்றியே எழுதினேன். நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த கதை அதுதான். இப்படி வாசித்துக்கொண்டே டைப் செய்கிற ஆள் கிடைப்பது பெரிய விஷயம். என் கதை வெளியாகும் முன்னர் அதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை போனதும் கிடையாது.

குறைகளும் உண்டு. பிரின்ட்டரில் மை குறைந்தால் உடனே மாற்ற மாட்டார்கள், பக்கத்தின் ஓரம் மங்கி வரும்; பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடதாசியும் மெல்லியது. ஹட்டன் ஈரத்தில் சுருண்டுவிடுகிறது, நான் 80 கிராம் கடதாசியை நானே வாங்கிக்கொண்டு போகிறேன். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. படிகள் செங்குத்து, மழை நாளில் வயதானவர்கள் ஏறுவது கஷ்டம். முதலாளி ஐயாவிடம் ஒரு கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறேன், இன்னும் போடவில்லை.

டைப் செய்யப் பக்கத்துக்கு 120 ரூபா. முதல் தடவை திருத்தத்துக்குக் காசு எடுப்பதில்லை, இரண்டாம் தடவையிலிருந்து எடுப்பார்கள், அது நியாயம். தவணைப் பரீட்சை நெருங்கும்போது பாடசாலை வினாத்தாள்கள் குவிந்துவிடும், கதைக்கு இடமிருக்காது. சிவனொளிபாத மலைப் பருவத்தில், டிசம்பரிலிருந்து மே வரை, டவுனுக்குள் வந்து போவதே பாடு. ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் தோட்டங்களில் சம்பளம் போட்டதும் வருகிற ஞாயிறு வேண்டாம். கிழமை நாளில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போங்கள். கையெழுத்துத் தெளிவில்லாத இடங்களைப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினால் அந்தப் பிள்ளை சந்தோஷப்படும். பிரதியோடு யுனிகோட் கோப்பையும் கேட்டு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.