வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு ஊரில் காணி வாங்கப் போகிறவர்கள் ஒருக்கா வாசியுங்கோ: 25 இலட்சம் போன கதை

25 இலட்சம் இலங்கை ரூபாய். லண்டனில் ஆறாயிரம் பவுண் அளவில். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். புலம்பெயர் தமிழருக்கென்றே யாழ்ப்பாணத்துக் காணி, வீடு விளம்பரம் போடுகிற இணையத்தளம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை. கோயில் திருவிழா நேரம் இங்கே வந்து நோட்டீஸ் கொடுக்கிற ஆட்கள்தான்.

அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஊரில் இருக்க ஆசை. கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியோடு ஒரு வீடு, விலை ஒரு கோடியே 90 இலட்சம். முதல் நாளே நான் எழுதியது வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது: "எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை, வாங்க முடியுமா?" வந்த பதிலும் இருக்கிறது: "அக்கா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. பழைய ஐசி இருக்குத்தானே? அதில உறுதி முடிப்பம். எங்கட ஆக்கள் முழுப்பேரும் இப்பிடித்தான் வாங்கினவை." (ஐசி என்றால் அடையாள அட்டை, உறுதி என்றால் காணிப் பத்திரம்.)

பிறகு அவர்களின் ஆள் ஒருவன் வீடியோவில் வீட்டைக் காட்டினான். சிவப்புச் சீமெந்து நிலம், பின்னுக்கு மாமரம், அதுக்கங்கால் கிணறு. போனை மதிலில் சாத்தி வைத்துவிட்டு ஒரு வாளி தண்ணி அள்ளினான். கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "அக்கா, நல்ல தண்ணி, உவர் துப்பரவா இல்லை" என்றான். பக்கத்தில் இருந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு தேடுகிறவரிடம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் காட்டினால் வேறென்ன கதை வேண்டும்? எந்த இடத்தில் தட்டினால் எங்கள் நெஞ்சு திறக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாளே "இன்னொரு கனடாப் பார்ட்டி நிக்குது" என்று நெருக்கினார்கள். முற்பணமாக 25 இலட்சம் கட்டினோம். கம்பனிக் கணக்குக்கு இல்லை, "டிரெக்டர்" ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. அதுக்கும் காரணம் தயாராக இருந்தது: கம்பனிக் கணக்கில் ஏதோ ஓடிற் (கணக்காய்வு) நடக்குதாம். பதிலுக்கு ஒரு தாள் அனுப்பினார்கள், மேலே பெரிய எழுத்தில் உடன்படிக்கை என்று போட்டு, முத்திரை குத்தி.

அந்தத் தாளைச் சித்தி யாழ்ப்பாணத்தில் தெரிந்த ஒரு நொத்தாரிசிடம் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற சட்டத்தரணி) காட்டினார். அவர் போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, என்ன பாஸ்போர்ட்?" சொன்னேன். "அப்ப இந்த உறுதி எழுத ஏலாது. நான் மட்டுமில்லை, ஒருத்தரும் எழுதக் கூடாது."

அவர் சொன்ன காரணம், வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிற இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும் என்று பின்தேதியிட்டே கொண்டுவந்தார்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்ற முடியாது, மாற்றினால் அந்த உறுதி வெறும் கடதாசி. யாழ்ப்பாணத்தில் பிறந்தேன், வளர்ந்தேன் என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது. வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்த அன்றே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுகிறது; இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவருக்குத்தான் இந்தத் தடை இல்லை. அலுமாரியில் கிடக்கிற பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி முடித்தால், ஒரு கோடியே 90 இலட்சமும் எந்த நிமிடமும் கேள்விக்குள்ளாகலாம். 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தாய் தகப்பனின் முதுசம் வருவதென்றால் அது வேறு, அதுக்கு விலக்கு உண்டு.

அந்த உடன்படிக்கைத் தாளைப் பற்றிக் கேட்டேன். "இதில நொத்தாரிசு கையொப்பம் எங்கை? ரெண்டு சாட்சி எங்கை? 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலயே கிடக்குது, காணி விக்கிற உடன்படிக்கை நொத்தாரிசுக்கு முன்னால எழுதாட்டிச் செல்லாது எண்டு. உங்களிட்டை இருக்கிறது ஒரு ரசீது."

பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியதும் "அக்கா" காணாமல் போய் "மேடம்" வந்தது. பொஸ் கொழும்பில். பொஸ் சிங்கப்பூரில். இன்றைக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை). லோயர் கோட்டில் நிற்கிறார். தண்ணி குடித்துக் காட்டினவனுக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கொழும்பு அலுவலகப் பெண்பிள்ளை ஒருத்தி, "அது ரிசேவேஷன் பீஸ் மேடம், திருப்பித் தாறதில்லை" என்றாள். 25 இலட்சம் பீஸாம்! பிறகு பெரிய உதவி செய்வது போல ஒரு யோசனை: "ஊரில இருக்கிற சொந்தக்காரர் ஒராளின்ர பேரில எழுதுவம்." உறுதியில் யாருடைய பெயரோ காணி அவருடையது. நாளைக்கு அவர் ஈடு வைத்தாலும் விற்றாலும் லண்டனிலிருந்து நான் என்னத்தைக் கிழிக்க முடியும்?

வரிக் கணக்கும் பொய். "முத்திரை, பீஸ் எல்லாம் சேர்த்து ரெண்டு வீதம்" என்றார்கள். முத்திரைத் தீர்வை மட்டும் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இந்த வீட்டுக்கு ஏழரை இலட்சத்துக்கு மேல் வரும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: ஊரில் வீடு இருந்தால், இங்கே அடுத்த வீடு வாங்கும்போது அதையும் எண்ணுவார்கள். இருக்கிற வீட்டை விற்று மாறினால் வேறு. இல்லாவிட்டால் வாங்கும் விலையில் மேலதிகமாக 5 வீதம் வரி கட்டவேண்டி வரும். வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தை இங்கேயும் காட்ட வேண்டும். இதில் ஒன்றையாவது அவர்கள் வாயால் கேட்டிருந்தால் கேளுங்கள்!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்துத்தான் இருந்தேன், பொறுமை இல்லை. இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வரமுன் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர்கள் பிடித்துத் தருகிற நொத்தாரிசு வேண்டாம், உங்கள் ஆளை நீங்களே பிடியுங்கள். காணி உண்மையில் யாருடையது என்று காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாள் கணக்குக்கோ உண்டியலிலோ (வங்கி இல்லாமல் கைமாற்றி அனுப்புகிற வழி) காசு போடாதீர்கள். வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டுக் காசை முதலீட்டுக்குக் கொண்டுவருகிற கணக்கு, IIA) திறந்து கொண்டு போனால்தான் பிறகு விற்ற காசை வெளியே எடுக்கலாம்.

எங்கள் கோரிக்கைக் கடிதம் அடுத்த கிழமை போகிறது. இதே மாதிரி "ரிசேவேஷன்" என்று கட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், ரசீதின் படத்தோடு. எத்தனை பேர் என்று தெரிந்தால் சேர்ந்து வழக்குப் போடலாம் என்கிறார் சட்டத்தரணி.