கண்டிக்கு 'சிறுவர் ஸ்பெஷல்' வேன் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப்போக வேன் டூர் தேடுகிறவர்கள், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். ஹட்டன், நாவலப்பிட்டி பக்கம் வட்ஸ்அப் குரூப்களில் சுற்றும் "சிறுவர் ஸ்பெஷல் கண்டி: 2 பூங்கா, 3 மியூசியம், பகல் சாப்பாட்டுடன்" என்ற விளம்பரத்தைத்தான் சொல்கிறேன். தலைக்கு 3,500 ரூபாய், ஐந்து வயதுக்கு மேல் முழுக்காசு. எந்தப் பூங்கா, எந்த மியூசியம் என்று ஒரு பெயர்கூட அதில் இல்லை. போனில் கேட்டதற்கு, "பேராதனைப் பூங்கா, ஹந்தானைத் தேயிலை மியூசியம் எல்லாம் இருக்கு அக்கா, பயப்படாம வாங்க" என்றார்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? ஆனாலும் அதை நம்பி நாங்களும் போனோம்.

ஹட்டனிலிருந்து கம்பளை வழியாகப் போனால் கண்டிக்கு முன்பே பேராதனை வந்துவிடும். காலையிலேயே பூங்கா வாசலைக் கடந்தோம். வேன் நிற்கவில்லை. "திரும்பி வரும்போது வெயில் இறங்கியிருக்கும், ஆறுதலா பார்க்கலாம்" என்றார் டிரைவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் தேயிலை மியூசியத்துக்கு முதலில் போகலாமே என்றால், "இன்னைக்குத் திங்கட்கிழமை, அது மூடியிருக்கும். அதைவிட நல்ல மியூசியம் காட்டுறேன்" என்றார். மூடியிருக்கும் என்பது உண்மைதான், திங்கட்கிழமைகளில் அது திறப்பதில்லை. ஆனால் திங்கட்கிழமையென்று நாள் குறித்தது யார்? அவர்களேதான்.

அந்த நல்ல மியூசியம், கண்டி டவுனில் ஒரு மாணிக்கக்கல் கடை. வாசலில் மட்டும் மியூசியம் என்று போர்டு. உள்ளே சீமெந்தில் செய்த ஒரு சுரங்க மாதிரி, கல் தோண்டுவது பற்றி ஒரு வீடியோ. வீடியோ முடிந்ததும் ஒரு கதவைத் திறந்துவிடுவார்கள், அந்தப் பக்கம் ஷோரூம். எங்கள் சின்னவள் கண்ணாடி அலமாரி ஒவ்வொன்றிலும் ஐந்து விரலையும் அழுத்திக்கொண்டே போனாள். விற்பனைக்கு நின்ற பிள்ளை பின்னாலேயே துணியால் துடைத்துக்கொண்டு வந்தது. முதலில் சிரித்துக்கொண்டு துடைத்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற இரண்டு 'மியூசியங்களும்' ஒரு மரச்சிற்பக் கடையும் ஒரு பத்திக் துணிக் கடையும். அவற்றைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

'பூங்கா' என்று மாத்தளைப் பக்கம் கூட்டிப்போனது வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் மிளகுக் கொடி, ஏலக்காய்ச் செடி, கறுவா மரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன தெரியுமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். எங்கள் மாமிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வீட்டு முருங்கையில ஏறியிருக்கிற மிளகுக் கொடியைக் காட்டவா தம்பி இவ்வளவு தூரம் கூட்டிவந்தீங்க?" என்றார். அவர் அசரவில்லை. பெரியவர்களை வாங்கில் உட்காரவைத்து, மூலிகைக் கிரீம் என்று என் வீட்டுக்காரரின் முன்னங்கையில் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பூசி, துடைத்ததும் மயிர் உதிர்ந்துபோனதைக் காட்டினார். சின்னப் போத்தல் எண்ணெய் 4,800 ரூபாய். வெளியே போகும் வழி கடைக்குள்ளால்தான். என் தோளில் ஒன்று தூங்குகிறது, மற்றது பாத்ரூம் போகவேண்டும் என்று நிற்கிறது. இந்த நிலையில் யாரும் டிரைவரோடு சண்டைக்கு நிற்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'சிறுவர் ஸ்பெஷல்' என்பதன் கணக்கே அதுதான் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் இறங்கியதும், வேன் நம்பரை ஒரு கொப்பியில் எழுதினார்கள். யாருடைய வேனில் வந்தவர்கள் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று பார்த்துக் கமிஷன் போகிறது. எங்கள் 3,500 ரூபாய் அவர்களுக்கு மேல்வரும்படி.

பேராதனைக்குத் திரும்பும்போது டிக்கட் கவுண்டர் மூடியாகிவிட்டது. 1821இல் தொடங்கிய, 147 ஏக்கர் பூங்காவில் நாங்கள் பார்த்தது வாசலில் நின்ற ஐஸ்கிரீம் வண்டியை. மூத்தவன் பழவௌவால்களைப் பார்க்கவென்றே வந்தவன். மதிலுக்கு மேலால் பறந்த ஒன்றிரண்டைக் காட்டி அவனைச் சமாளித்தோம்.

மறுநாள் காசைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "மூணு மியூசியம் காட்டினோம், ஒரு கார்டன் காட்டினோம். மத்த பூங்காவுக்கு லேட்டானது உங்க பிள்ளைகளாலதானே?" அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

போகிற இடங்களின் பெயர், கிழமை, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு, டிக்கட் காசு யார் பொறுப்பு, இவ்வளவையும் போனில் பேசாமல் மெசேஜாக வாங்குங்கள். எழுதித்தர இழுத்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் விளம்பரப் படம், முற்பணம் போட்ட வங்கிச் சீட்டு, வேன் நம்பர் மூன்றையும் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். நாங்கள் எழுத்திலும் கொடுத்திருக்கிறோம்.

உண்மையில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு ஒரு பூங்கா, ஒரு மியூசியம், அதற்குமேல் தாங்காது. ஹட்டன்–கண்டி பஸ்ஸில் போய்ப் பேராதனையில் இறங்கிக்கொள்ளலாம். பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பெரிய புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் அந்த ராட்சத அத்திமரத்தடியில் ஓடவிட்டாலே பாதிநாள் போய்விடும். மகாவலிக்கு மேலே ஆடும் தொங்குபாலமும் உண்டு. ரயில் பைத்தியங்களுக்குக் கடுகண்ணாவை ரயில்வே நூதனசாலை. பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்கலாம், "தொடாதே" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றாது. ஹந்தானைத் தேயிலை நூதனசாலை, 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலைக்குள் இருக்கிறது. மாடிப்படி அதிகம் என்பதால் தூக்கித்திரியும் வயதுக்கு வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேயிலை மெஷினைக் காசு கொடுத்துக் காட்டவேண்டுமா என்றும் மாமி கேட்டார். அந்தக் காசுக்கு, கம்பளைப் பக்கம் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக்குள்ளேயே வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்குக் கூட்டிப்போகலாம் என்பேன். அதை எந்த டூர்க்காரரும் காட்டமாட்டார், அங்கே கமிஷன் கிடையாது.

இதே ஆட்கள் இப்போது நுவரெலியாவுக்கும் ஆள் சேர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கே முக்கியமாகப் பார்க்க இருப்பது விக்டோரியா பூங்கா. விளையாட்டு இடமும் குட்டி ரயிலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம், வேனே தேவையில்லை.