நாற்பது கிலோ அரிசி: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில், நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதம் நாற்பது கிலோ அரிசி ஆகிறது. மதுரையில் இருக்கும் மைத்துனர் இதைக் கேட்டால் சிரிப்பார். காலையில் பழைய சோறு, மதியம் மீன்குழம்புக்குச் சோறு, ராத்திரி இட்லி அல்லது தோசை, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் சில நாள் புட்டு. இந்தக் கரையில் நான் பார்த்த வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறியது என்று யாராவது சொன்னால், மாதம் 200 ரூபாய் போச்சு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும்.

நான் ஒரு விசைப்படகு உரிமையாளரிடம் கணக்கு எழுதுகிறவன். சொந்த ஊர் ஆர்.எஸ். மங்கலம் பக்கம், மானாவாரி நெல் விளையும் பூமி. அதனால் எங்கள் வீட்டுக்குள் மூன்று வழியில் அரிசி வருகிறது: ரேஷன் கடை, அண்ணாச்சி கடை மூட்டை, அம்மா அனுப்பும் ஊர் நெல். "இந்த மூணுல எதுங்க நமக்கு மலிவு?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.

முதலில் ரேஷன். 1967-ல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அண்ணா தேர்தலில் நின்றதை என் அப்பா கதையாகச் சொல்லுவார். 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே கிடையாது. எங்கள் அட்டைக்கு 20 கிலோ. பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டைக்கு 35. ஆக எங்கள் தேவையில் சரிபாதி பைசா செலவில்லாமல் வந்துவிடுகிறது.

பைசா செலவில்லை என்றால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. வரிசையில் நிற்கும் அரை நாள் யாருடையது என்று பார்க்க வேண்டும். என் மனைவிக்கு அது வெறும் அரை நாள். பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்கு அன்றைய வருமானம். கடலுக்கடியில் பாறையில் பாசி பறிப்பவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியும் விரல் கிழியும், ரேகை தேயும். அந்த விரலை ரேஷன் கடைக் கைரேகை இயந்திரத்தில் வைத்தால் எளிதில் ஏற்பதில்லை. துடைத்து வைக்கச் சொல்வார்கள், அடுத்த விரலை வைக்கச் சொல்வார்கள், கடைசியில் நாளைக்கு வரச் சொல்வார்கள். இலவச அரிசிக்கு இரண்டு நாள் கூலி போனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

இன்னொன்று, செறிவூட்டிய அரிசி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம், இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்து தருகிறார்கள். களையும்போது அதில் சில மிதக்கும். எங்கள் தெருவில் இதற்கு 'பிளாஸ்டிக் அரிசி' என்று பேர் வைத்துப் பொறுக்கி எறிகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு மணியை நசுக்கி, மாவாகப் போவதைக் காட்டினேன். "நீ சொன்னா சரிதான் தம்பி" என்றார். மறுநாளும் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

சரி, ரேஷன் அரிசிக்கு என்ன மதிப்புப் போடுவது? அது சாப்பிடும் விதத்தைப் பொறுத்தது. சோறாகவே வடித்தால் கடை அரிசி வாங்கும் காசு முழுசாக மிச்சம். இட்லிக்கும் புட்டுக்கும் மட்டும் போட்டால் இட்லி அரிசிக் காசு மிச்சம். வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டால் (அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும்) ஒன்றும் மிச்சமில்லை. நாங்கள் பாதி சோறு, பாதி மாவு. கிலோவுக்கு 40 ரூபாய் போட்டாலும் மாதம் 800. அதோடு 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில். இவைதான் எனக்கு அரிசியைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயிலின் இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஒரே அடியாக ஏற்றியது. கடையில் பாக்கெட் விலை ஏறியது. ரேஷனில் அதே 25 ரூபாய். உலகச் சந்தை என்ன ஆட்டம் போட்டாலும் அந்த ஒரு லிட்டர் மட்டும் அசையவில்லை. 'இந்த மாசம் ஆயில் வரலை' என்ற பதிலையும் கேட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது அண்ணாச்சி கடை. அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 25-க்கு மேல் இருந்தால் வரி இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டு 26 ஆக்கிவிட்டார்கள். வரிக்குத் தப்பிய அந்த மூட்டையை வாங்க, மொத்தமாகக் கையில் காசு இருக்க வேண்டும். 26 கிலோ வாங்க முடிந்தவனுக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பை வாங்குகிறவன் வரி கட்டுகிறான். யார் வேண்டுமென்று செய்தார்களோ இல்லையோ, விளைவு இதுதான்.

கடைசியாக நான் வாங்கிய மூட்டை 1,400 ரூபாய், புழுங்கல், நடுத்தர ரகம். கிலோவுக்கு 54 ரூபாய் விழுகிறது. அதே அரிசி சில்லறையில் 62. காங்கேயத்திலும் ஆரணியிலும் அரைத்த அரிசி இந்தத் தீவு வரை லாரியில் வந்து சேரும் செலவெல்லாம் இதில் அடங்கும்.

இங்கேதான் பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு வருகிறது. உண்மையில் ஒப்பிட வேண்டியது என் மூன்று அரிசியை அல்ல, எங்கள் இரண்டு வீட்டையும்தான். அக்கா வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. படகு கரை சேர்ந்து, டீசல், ஐஸ் எல்லாம் கழித்து, மிச்சத்தைப் பங்கு வைத்தால்தான் அவர் கைக்குக் காசு. மீன்பாடு இல்லையென்றால் டீசலுக்கே கட்டாது. அந்தக் கணக்கை எழுதுகிறவன் நான் என்பதால் சொல்கிறேன்: ஒரே வாரத்தில் ஒரு நாள் இரண்டாயிரமும் மறு நாள் இருநூறும் வரும், இன்னொரு நாள் ஒன்றுமே வராது. எனக்கோ ஒன்றாம் தேதி சம்பளம். கூட்டிப் பார்த்தால் சில மாதம் அவர் என்னைவிட அதிகம் வாங்குகிறார். ஆனாலும் அரிசியை என்னைவிட அதிக விலை கொடுத்துத்தான் வாங்குகிறார், ஏனென்றால் அக்கா வாங்குவது கிலோ கணக்கில், அதுவும் பற்றில், அதாவது கடனுக்கு.

இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று நோட்டில் ஏறும். மாதம் 20 கிலோ கடையில் வாங்கினால் மூட்டை விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே 160 ரூபாய் வித்தியாசம். 1,080 ரூபாய் அரிசிக்கு 160 ரூபாய் கூடுதல். நூற்றுக்குப் பதினைந்து வட்டி மாதிரி. இத்தனைக்கும் பற்று சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பாதியாவது அடைகிறது. மீட்டர் வட்டிக்காரன் கேட்டால் பொறாமைப்படுவான்.

அண்ணாச்சியிடமே கேட்டேன். "மூட்டையா எடுத்தா அவுகளுக்கு மிச்சந்தான அண்ணாச்சி?"

"தம்பி, மூட்டைக்குக் காசு சேர்றதுக்குள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இல்லேன்னா கடல்ல காத்து வரும். இது அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். அந்த இரண்டு மாதம் அக்கா வீட்டுக்கு எந்த ஈடும் இல்லாமல் அரிசி தருகிறவர் அவர் ஒருவர்தான். அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய், சில்லறை அரிசி இரண்டு கிலோ வாங்கினால் மிச்சம் ஏழு ரூபாய். அது எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் ஏறும் என்பது யார் கையிலும் இல்லை. அண்ணாச்சி நோட்டு மட்டும் தினமும் திறந்திருக்கும். அந்த 62-ல் எட்டு ரூபாய் அரிசிக்கு அல்ல, அந்த நோட்டுக்கு.

மூன்றாவது, ஊர் நெல். இதைத்தான் நான் இத்தனை வருஷமாக 'சும்மா வருது' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் புழுதியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கண்மாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, தையில் அறுக்கும் நெல். அம்மா ஒரு மூலையில் சித்திரைக்காரும் போடுவார், சிவப்பு அரிசி, கஞ்சிக்கு அதுபோல வராது. 65 கிலோ மூட்டையை அவித்து அரைத்தால் 42 கிலோ அரிசி தேறும்.

இப்போது கணக்கு. 2025-26-ல் தமிழ்நாட்டு அரசு கொள்முதல் நிலையத்தில் சன்னரக நெல்லுக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். மத்திய அரசின் 2,389-உடன் மாநில ஊக்கத்தொகை 156. அந்த விலைக்குப் போட்டிருந்தால் ஒரு மூட்டைக்கு 1,654 ரூபாய் கிடைத்திருக்கும். 42 கிலோவால் வகுத்தால் அரிசி கிலோ 39 ரூபாய்க்கு மேல். அவிக்கும் கூலி, அரவைக் கூலி, தீவுக்குக் கொண்டுவரும் வண்டி வாடகை சேர்த்தால் 45-ஐத் தொடும். சும்மா வந்த அரிசி இது! கடை மூட்டைக்கும் இதற்கும் ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தட்டிவிடுவார்கள், காயவைத்துக் காத்திருக்க வேண்டும். களத்தில் நிற்கும் வியாபாரியிடம் போட்டால் விலை குறைவு, அப்போது சாப்பிடுவதே லாபம். ஆக, ஊர் நெல் மலிவா இல்லையா என்பது அந்த வருஷம் அம்மா நெல்லை யாரிடம் போட முடிந்தது என்பதைப் பொறுத்தது. மழை ஏமாற்றிய வருஷத்தில் இந்தக் கணக்கே கிடையாது. அந்த வருஷம் அம்மாவும் ரேஷன்தான்.

ராமநாதபுரத்துப் பெரிய கடைகளில் தள்ளுபடி உண்டே என்பார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய், 26 கிலோவைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பார்த்தவர் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்.

இத்தனை பேசியபிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். அரிசி இப்போது முன்பு போல் வீட்டை விழுங்குவதில்லை. தேசிய மாதிரி ஆய்வுகளின்படி, 1999-2000-ல் இந்தியக் கிராமத்து வீடுகளின் செலவில் தானியத்துக்கு மட்டும் 22 சதவீதம் போனது. 2022-23-ல் 5 சதவீதத்துக்கும் கீழே. இங்கே நூறுநாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த கூலி 336 ரூபாய். மூட்டை விலையில் ஆறு கிலோ அரிசி வரும். கூலியை இப்படி அரிசியில் அளந்து பார்ப்பது பழைய வழக்கம்தான், ஆனால் இன்று அது பாதி உண்மைதான் சொல்லும். சோற்றின் மேல் ஊற்றுவதுதான் இப்போது வீட்டைக் கடிக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. 2025-ல் தேங்காய் ஏறியபோது எங்கள் தெருவில் மீன்குழம்பின் நிறமே மாறியது. புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் எங்கள் மாவட்டத்திலேயே விளைகிறது, அதையும் விலை கேட்டுத்தான் வாங்குகிறோம். இவற்றில் எதற்கும் ரேஷன் அட்டை இல்லை.

விலை ஏறி, கூலி பின்னால் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை கண்ணால் பார்த்தது. 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் படகில் வந்து இறங்கினார்கள், கைக்குழந்தைகளோடு. அந்த வருஷம் செப்டம்பரில் அங்கே உணவு விலை முந்தைய ஆண்டைவிட 94.9 சதவீதம் அதிகம். அதே வருஷம் தமிழ்நாடு 40,000 டன் அரிசியை அங்கே அனுப்பியது.

மனைவிக்கு நான் சொன்ன பதில் இது: ரேஷனை எந்த மாதமும் விடக்கூடாது, பருப்புக்கும் எண்ணெய்க்குமாவது போக வேண்டும். மிச்ச இருபது கிலோவுக்குச் சம்பளம் வந்ததும் கடை மூட்டை. ஊர் நெல்லில் கொள்முதல் நிலையம் எடுத்துக்கொள்வதைப் போட்டுவிட்டு, சித்திரைக்காரை மட்டும் கொண்டு வரலாம். அவள் ஒத்துக்கொண்டாள், "அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்ற நிபந்தனையோடு. இன்னும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தப் பதில் எதற்கும் ஆகாது. அவர் வேறு வழி பார்த்தார். எதிர்வீட்டுக்காரரோடு சேர்ந்து, சனிக்கிழமைப் பங்கு வந்த கையோடு ஆளுக்கு 700 போட்டு ஒரு மூட்டை எடுக்கிறார்கள். மூன்று மாதம் ஓடியது, தடைக்காலத்தில் அறுந்தது, ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். பற்று நோட்டையும் மூடவில்லை. சோப்பும் புளியும் வாங்கி அதை உயிரோடு வைத்திருக்கிறார். மூட்டையைச் சரிபாதி பிரிக்கத் தராசு கிடையாது. எங்கள் வீட்டுப் பித்தளைப் படிதான் போகிறது. போன சனிக்கிழமை போன படி இன்னும் திரும்பி வரவில்லை, பையனை அனுப்பியிருக்கிறேன்.